மனைக்குள் மண்குதிரைப் பாதை

கே.கே. நகரில் வாடகைக்கு இருந்த நாங்கள், தொண்ணூறுகளின் கடைசியில் கீழக்குயில்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில் மனை வாங்கி, சுற்றுச்சுவரும் கட்டினோம். வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டப் போன அன்று, முன்சுவரும் பின்சுவரும் நடுவில் இடிக்கப்பட்டு, செங்கற்கள் ஓரமாக அடுக்கப்பட்டிருந்தன. யார் இடித்தது என்று என் மனைவி சத்தம் போட்டாள்.

பக்கத்துத் தோட்டக்காரர் நிதானமாகச் சொன்னார்: "நேத்து அய்யனாருக்குப் புரவி எடுப்புண்ணே. மண்குதிரைய இந்த வழியாத்தான் தூக்கிட்டுப் போவோம்."

"பத்திரத்துல அப்படி ஒண்ணும் இல்லையே?"

"ஊர்ல யாருகிட்டயாச்சும் கேட்டீகளா?"

கேட்கவில்லை. "வீடே கட்டியிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?" என்றேன். அவர் அடுக்கியிருந்த செங்கற்களைப் பார்த்தார்.

வீட்டை ஒரு பக்கமாகத் தள்ளிக் கட்டினோம். குதிரை போகும் வழியில் முன்னும் பின்னும் கேட் வைத்தேன். திருவிழாவன்று விடியும் முன்பே இரண்டையும் நானே திறந்து வைத்துவிடுகிறேன்.