எடெல்மிரா அறைக்கு இழுத்த கம்பி

எடெல்மிரா கார்கமோ யாரிடமும் சண்டை போடாமல் ஒரு நாளைக் கழித்து நான் பார்த்ததில்லை. வயது ஐம்பத்து நான்கு. தெற்கே மழை ஓயாத தீவிலிருந்து இருபது வயதில் வல்பராய்சோ துறைமுகத்துக்கு வந்தவள். பள்ளிச் சீருடை தைத்துப் பிழைக்கிறாள். குண்டூசிகளைப் பல்லில் கடித்துக்கொண்டே திட்டுவாள். ஊசியும் விழாது, வசவும் நிற்காது. எனக்கு அவளைப் பிடிக்கும். கீழ் அறைக் கிழவர் அரோல்டோ இனோஸ்த்ரோசாவை எனக்கு அறவே பிடிக்காது என்பது அதற்குப் பாதிக் காரணம்.

நாங்கள் இருப்பது மலைச்சரிவில் ஒரு மூன்றடுக்குத் தகர வீடு. ஒன்பது அறை, ஒன்பது குடித்தனம், ஒரே சமையலறை, ஒரே இணைய இணைப்பு. இணைப்பு அரோல்டோ பெயரில். வைஃபை பெட்டி கீழே தெருப்பக்கம் அவர் அறையில், அலமாரி மேல் பூட்டாத குறையாக உட்கார்ந்திருந்தது. எல்லோரும் பங்கு கொடுக்கிறோம், ஆனால் பெட்டியை இரண்டு அடி நகர்த்தச் சொன்னால் மனிதர் எரிந்து விழுவார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்க வேண்டுமே.

எடெல்மிராவின் அறை மேல்மாடியின் பின்கோடியில். அங்கே திரையில் வட்டம் சுற்றும், வேறெதுவும் நடக்காது. மற்றவர்களுக்கு அது எரிச்சல், அவ்வளவுதான். அவளுக்கு அப்படியில்லை. அவள் ஒரே மகன் யெர்கோ வடக்கே பாலைவனத்துச் சிறையில் இருக்கிறான். சனிக்கிழமை காலை பதினொரு மணிக்குப் பதினைந்து நிமிடம் முகம் பார்த்துப் பேசலாம். அந்தப் பதினைந்து நிமிடத்துக்காக அவள் அரோல்டோவின் அறைக்குத்தான் போக வேண்டியிருந்தது. அவரோ எழுந்து வெளியே போக மாட்டார்.

இதில் இன்னொரு வயிற்றெரிச்சலும் உண்டு. யெர்கோ உள்ளே போனது தொலைபேசிச் செம்புக் கம்பியைத் திருடி விற்றதற்கு. அரோல்டோ அதே மலைகளில் முப்பது வருடம் லைன்மேனாக இருந்து அந்தக் கம்பிகளைக் கட்டியவர். எடெல்மிரா கைப்பேசியை மேசையில் நிறுத்தியதுதான் தாமதம், தோளுக்கு மேல் தலையை நீட்டுவார்.

"டேய் கள்ளா, கல்லறைத் தெரு முக்குல ஒரு கம்பம் சாஞ்சு நிக்குமே, அதுல எப்படிடா ஏறின?"

"பின்பக்கமாத்தான், பெருசு. முன்பக்கம் ஏறினா மூஞ்சி பேந்துரும்."

"முப்பது வருஷம் நான் முன்பக்கமாத்தான்டா ஏறினேன், கழுதை."

"அதான் இடுப்பு போயிருச்சு."

இப்படியே பன்னிரண்டு, பதின்மூன்று நிமிடம் ஓடிவிடும். கடைசியில் மிச்சம் இருப்பதில் சாப்பிட்டாயா, சட்டை வந்ததா என்று கேட்பதற்குள் திரை அணைந்துவிடும். மாடிக்கு வந்து என் அறை வாசலில் நின்று பொருமுவாள். "எம்புள்ளைய கூண்டுல இருக்கற குரங்கு மாதிரி ஆட்டிவச்சு வேடிக்கை பாக்கறான், தம்பி. பெத்தவ நான் பக்கத்துல பொம்மை மாதிரி நிக்கறேன்." கண் கலங்கியிருக்கும். எனக்குக் கீழே போய் அந்தக் கிழவரை நாலு அறை விடலாமா என்று இருக்கும்.

முதலில் வைஃபை அலையைப் பெருக்கித் தரும் சின்னப் பெட்டி ஒன்று வாங்கி வந்து தன் கட்டில் தலைமாட்டில் செருகினாள். எல்லா விளக்கும் எரிந்தது, வட்டம் சுற்றுவது நிற்கவில்லை. மாடியில் மேலும் மூன்று பேர் அதே பெட்டியை வாங்கி அதே மாதிரி தலைமாட்டில் செருகினார்கள். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? அலையே எட்டாத மூலையில் பெருக்க ஒன்றுமில்லை என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். அரோல்டோ பெட்டியைத் திருகிக் குறைத்து வைக்கிறார் என்று எடெல்மிரா சமையலறையில் எல்லோர் முன்னும் சொன்னாள். தைக்கிற கைக்கு வாய் நீளம் என்று அவர் திருப்பிக் கொடுத்தார். மூன்று வாரம் ஒருவரோடு ஒருவர் பேச்சில்லை. சனிக்கிழமைகளில் மட்டும் அவள் போய் உட்கார்ந்தாள்.

நான் கப்பல்களில் மின்வேலை செய்பவன். எனக்கு முன்பே உறைத்திருக்க வேண்டும். ஒருநாள் மாடிப்படிச் சுவரில் ஆணி அடித்தேன். ஒட்டுத்தாளுக்கும் பலகைக்கும் பின்னால் கணீரென்று தகரம். எங்கள் மலைகளில் வீட்டைப் பின்பக்கம் நீட்டும்போது பழைய வெளிச்சுவரை யாரும் பிரிப்பதில்லை. மழைக்கு அடித்த தகரத்தின் மேலேயே தாளை ஒட்டிக் குடியேறிவிடுவார்கள். வீட்டின் பாதி, கீழிருந்து மேல்வரை, ஒரு தகரத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது. அலை அதைத் தாண்டாது. அரோல்டோ குறைக்கவில்லை என்று எடெல்மிராவிடம் சொன்னேன். அவளுக்கு அது பிடிக்கவில்லை.

ஒரே வழி, அவர் பெட்டியிலிருந்து கம்பி எடுத்து, சன்னல் வழியாக வெளியே விட்டு, வீட்டைச் சுற்றி ஏற்றி, அவள் அறையில் இரண்டாவது பெட்டியில் செருகுவது. சன்னல் சட்டத்தில் ஓட்டை போட்டால் கையை ஒடிப்பேன் என்றார் அரோல்டோ. புதன்கிழமை அவர் சந்தைக்குப் போன நேரம் பார்த்து ஓட்டை போட்டோம். வெங்காயப் பையோடு திரும்பியவர் சன்னலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கம்பி அடித்த லட்சணத்தைப் பார் என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

சனிக்கிழமை எடெல்மிரா உதட்டுச்சாயம் பூசி, நல்ல ரவிக்கை போட்டுக்கொண்டு, அறைக் கதவைத் தாழிட்டாள். அவள் அறைக்கும் என் அறைக்கும் நடுவில் பலகைச் சுவர்தான், எல்லாம் கேட்டது. சாப்பிட்டாயா என்றாள், சாப்பிட்டேன் என்றான். சட்டை வந்ததா, வந்தது. குளிரா, இல்லை. அதோடு அவளிடம் கேள்வி தீர்ந்துவிட்டது.

"பெருசு எங்கம்மா?"

"கீழ கெடக்கான். இனிமே நாம ரெண்டு பேரு மட்டுந்தான்டா."

"ஓ" என்றான்.

பிறகு அவள் தகரத்தைப் பற்றியும் கம்பியைப் பற்றியும் சொல்லிக்கொண்டே போனாள். எட்டாவது நிமிடத்தில், பின்னால் ஆள் நிற்கிறது என்று சொல்லி அவன் வைத்துவிட்டான். அவள் வெளியே வந்து, அவன் மூக்கு மேல் இருக்கிற மருகூடத் தெரிகிறது என்று மாடி முழுக்கச் சொன்னாள்.

அடுத்த சனிக்கிழமை பதினொன்று அடித்தது. அழைப்பு வரவில்லை. ஐந்து நிமிடம் பொறுத்தவள் கைப்பேசியை உதறினாள், என் கம்பியைத் திட்டினாள். போய்ப் பார்த்தேன், அலை முழுதாக இருந்தது. அப்போதுதான் மாடிப்படி வழியாகக் கீழிருந்து குரல் வந்தது.

"டேய் கழுதை, அதுல அப்ப கரண்ட் ஓடிட்டு இருந்துச்சுடா. செத்திருப்ப."

கூடவே ஒரு சிரிப்பு. அது அரோல்டோவுடையது அல்ல. எந்த எண்ணுக்குப் பேசுவது என்று சிறையில் கைதி ஒரு வாரம் முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும். போன சனிக்கிழமை கைப்பேசியை வைத்த கையோடு யெர்கோ அரோல்டோவின் எண்ணை எழுதிக் கொடுத்திருக்கிறான்.

எடெல்மிரா படியிறங்கி ஓடினாள். இன்றைக்குக் கிழவருக்கு நல்லா வேண்டும் என்று நானும் பின்னாலேயே ஓடினேன். கதவு திறந்துதான் இருந்தது. கைப்பேசியைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்திருந்த அரோல்டோ, அவளைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார். அவள் வாசலிலேயே நின்றாள். திரையில் யெர்கோ வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தான். வாசலில் நிற்பது அம்மா என்று தெரிந்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தான்.