மருமகன் மொழிபெயர்த்த வலி

இலங்கை மலையகத்தில், லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் பேச்சியம்மாவுக்குச் சிறுநீர் கழிக்கும்போது எரியத் தொடங்கியது. மலையில் கழிப்பறை இல்லை. அடக்கிக்கொள்வதற்காகவே பகலில் தண்ணீர் குடிக்காமல் பழகியவர் அவர்.

பொல்பலாப் பொட்டலம் வாங்கக் கடைக்குப் போனார். நம்மவர்கள் சிறுபீளை என்று சொல்லும் செடிதான்.

"யாருக்கு நீர்க்கடுப்பு?" கடைக்காரர் உரக்கக் கேட்டார்.

"பேரனுக்குங்க" என்று சொல்லித் தலையைக் குனிந்துகொண்டார்.

கொத்தமல்லி சேர்த்துக் காய்ச்சிக் குடித்ததும் எரிச்சல் கொஞ்சம் அடங்கியது. ஆனால் அடிக்கடி முட்டியது. மலையில் எங்கே ஒதுங்குவது? குடிப்பதை நிறுத்திவிட்டார். அடிவயிறு மறுபடியும் வலித்தது.

மகளுக்குக் கொழும்பில் வேலை. மருமகன் லோஜன்தான் தன் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். டாக்டருக்குத் தமிழ் தெரியாது.

"அத்த, என்ன செய்யுதுன்னு கேக்குறாரு."

மருமகனிடம் அதை எப்படிச் சொல்வது? "நெஞ்செரிச்சல்" என்றார். நெஞ்செரிச்சல் மாத்திரையோடு திரும்பினார்கள்.

அடுத்த வாரம் காய்ச்சலில் உடம்பு உதறி, தேயிலைச் செடிகளுக்கிடையே சரிந்துவிட்டார். கூடப் பறிக்கும் ராசம்மாதான் தாங்கிப் பிடித்தார். மறுபடியும் அதே ஆட்டோ, அதே டாக்டர்.

"இந்தத் தடவையாச்சும் உள்ளதச் சொல்லுங்க அத்த."

பேச்சியம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். "ஒண்ணுக்குப் போறப்ப எரியுது தம்பி. ரத்தமும் வருது. பொல்பலா குடிச்சுப் பாத்தேன்."

லோஜனுக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. ஆனாலும் தொண்டையைச் செருமிக்கொண்டு, சுவரைப் பார்த்தபடிதான் சொன்னான். டாக்டரின் பதிலையும் சுவரைப் பார்த்தே சொன்னான். "கிருமி கிட்னி வரைக்கும் ஏறிருச்சாம். பொல்பலா மட்டும் போதாதாம், ஊசி போடணுமாம். பகல்ல நல்லாத் தண்ணி குடிக்கணும், அடக்கக் கூடாதாம்."

"மலையில எங்க போறதுன்னு கேளுங்க தம்பி."

கேட்டான். டாக்டர் வார்டுச் சீட்டை நீட்டிவிட்டுப் பேனாவை மூடினார்.

வார்டில் கிடந்து குணமாகி வந்தார். இப்போது போத்தலில் தண்ணீர் கொண்டுபோகிறார். முட்டினால் ராசம்மாவிடம் கண்ணைக் காட்டுவார். ராசம்மா, செடி கீறாமலிருக்க இடுப்பில் சுற்றியிருக்கும் படங்குச் சாக்கை அவிழ்த்து மறைவாக விரித்துப் பிடிப்பார். அப்போதும் பேச்சியம்மாவுக்கு உடம்பு கூசும்.

லோஜன் அவ்வப்போது பார்லி வாங்கி வந்து, கூப்பிடாமலே அவருடைய லயத்து வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போவான். ஆட்டோச் சத்தம் வளைவைத் தாண்டும்வரை அவர் கதவைத் திறப்பதில்லை.