ஜெயசிங் அண்ணாச்சி கட்டிய சின்னக் காயில்

சங்கரன்கோவில் ராஜபாளையம் ரோட்டில் ஜெயசிங் அண்ணாச்சியின் மோட்டார் வைண்டிங் கடைக்கு அடுத்த கடை என்னுடையது. நான் பைப்பும் வால்வும் விற்கிறேன். கிணற்று மோட்டார் எரிந்துபோனால் விவசாயி முதலில் அவரிடம் போய் அழுவார், பிறகு என்னிடம் வந்து வாஷர் கேட்பார். அண்ணாச்சி மோட்டாரைப் பிரித்து, கருகிய செம்புக் கம்பியை உருவிப் போட்டுவிட்டு, புதுக் கம்பி சுற்றி, வார்னிஷ் கொடுத்துக் காயவைத்துத் தருவார். எங்கள் பக்கம் இதற்குக் காயில் கட்டுவது என்று பெயர். காயில் கட்டுவதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை என்று ஊரே சொல்லும். ஊர் சொல்வதற்குள் அவரே முந்திக்கொண்டு சொல்லிவிடுவார்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கேட்கிற வேதம் தனி. கடையில் அவர் சொல்லும் வேதம் ஒரே வரிதான். "காயில் சூடாகக் கூடாது வே. சூடாச்சுன்னா சோலி முடிஞ்சுது."

எந்த மோட்டார் ஓடினாலும் புறங்கையை அதன்மேல் வைத்துப் பார்ப்பார். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் அதே புறங்கைதான் நீளும். இவ்வளவு விவரமான மனுஷனின் வாயில் மட்டும் விடிந்ததிலிருந்து சிகரெட் புகைந்துகொண்டே இருக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் கடையிலிருக்கும் பைப்பில்கூட அந்த வாடை ஏறியிருந்தது. சொன்னால், "பைப்புக்கு மூக்கு இருக்காலே?" என்று கேட்பார்.

மூக்கு உள்ள ஆள் ஒன்று கிளம்பியது. அவருடைய ஒரே மகள் விஜிதா. தூத்துக்குடியில் கட்டிக்கொடுத்திருந்தார். அவள் உண்டாகியிருந்தாள். ஏழாம் மாதம் கட்டுச்சோறு எடுத்துக்கொண்டு போய் மகளைப் பிரசவத்துக்கு அழைத்து வரவேண்டும். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது எங்கள் ஊரில் சாதி மதம் பார்க்காத வழக்கம். அதற்கு முன்பே அவளிடமிருந்து போன் வந்துவிட்டது.

"யப்பா, சிகரெட் வாடை பட்டாலே எனக்குக் குடலைப் பிரட்டுது. எதுத்த மாடியில ஒருத்தர் குடிச்சா இங்கன நான் வாந்தி எடுக்கேன். நம்ம வீட்டுச் சுவரெல்லாம் அந்த வாடைதான. நீங்க விடாம நான் அங்கன வரமாட்டேன். கட்டுச்சோறும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். பிரசவத்தை இங்கனயே பாத்துக்கிடுதேன்."

அவர் மனைவி ஜாய்ஸ் அக்கா சத்தம் போடவில்லை. "பெத்த பிள்ளைக்கு இந்த வீட்டுல இடமில்ல. சிகரெட்டுக்கு இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். அண்ணாச்சி என் கடைக்கு வந்து பைப் கட்டின்மேல் உட்கார்ந்து அழுதார். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் அழுது முடித்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சட்டைப் பையைத் தடவியதைப் பார்த்ததும் அந்தக் கஷ்டம் போய்விட்டது.

சூயிங்கம் மென்றார். சுக்கு மிட்டாய் சப்பினார். வாய்க்குள் ஏலக்காயை ஒதுக்கிக்கொண்டு எல்லோரிடமும் சிடுசிடுத்தார். ஒன்றும் நடக்கவில்லை. அந்த நேரத்தில்தான் முகம்மது சாதிக் வந்து சேர்ந்தார். கடையநல்லூர்க்காரர், ஷார்ஜாவில் வேலை. ஒவ்வொரு லீவுக்கும் தோட்டத்து மோட்டார் எரிந்து அண்ணாச்சியிடம் வரும். கதையைக் கேட்டுவிட்டு, பேனா மாதிரி ஒரு சாமானை எடுத்து நீட்டினார்.

"அண்ணாச்சி, இது இ-சிகரெட்டு. தீ கிடையாது, சாம்பல் கிடையாது. உள்ள இருக்க தைலம் ஆவியா வரும். இதுவும் உடம்புக்கு ஆகாதுதான், நிகோடின் இருக்கு. ஆனா அந்த வாடை வராது."

அரசாங்கம் இதற்குத் தடை போடுவதற்கு முந்தைய வருஷம் அது. அண்ணாச்சி அந்தப் பேனாவை உறிஞ்சியதும் மாம்பழ வாசம் வந்தது. ஜாய்ஸ் அக்கா மோந்து பார்த்து, "பரவாயில்ல, ஜூஸ் கடை மாதிரி இருக்கு" என்றார்.

ஆனால் பேனாவின் உயிர் மத்தியானத்தோடு சரி. மேலநீலிதநல்லூரில் ஒரு கிணற்றுக்குள் இறங்கி மோட்டாரைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது சார்ஜ் தீர்ந்துவிட்டது. மேலே ஏறியவர் நேராகப் பெட்டிக்கடைக்குப் போய் சிகரெட் வாங்கிப் பற்ற வைத்துவிட்டார். அன்று சாயங்காலம் என்னிடம் வந்து, "எம்மேல தப்பு இல்லலே, பேட்டரி சரியில்ல" என்றார். குடிகாரன் கிளாஸைக் குறை சொன்னது மாதிரி இருந்தது.

சாதிக் லீவு முடிந்து கிளம்புவதற்கு முன் அண்ணாச்சி அவரைப் பிடித்து, அவர் தனக்கென்று வைத்திருந்த பெரிய சாமானையே வாங்கிக்கொண்டார். சோப்பு டப்பா அளவு இருந்தது. உள்ளே கழற்றி மாட்டும்படி இரண்டு பேட்டரி, டார்ச் பேட்டரியைவிடக் கொஞ்சம் நீளம். சாதிக் என் கடையில் உட்கார்ந்துதான் பாடம் நடத்தினார்.

"இது ரெண்டும் ஜோடி அண்ணாச்சி. ஒண்ணா வாங்குனது, ஒண்ணாத்தான் சார்ஜ் போடணும், ஒண்ணாத்தான் ஓட்டணும். ஒண்ணு புதுசு ஒண்ணு பழசுன்னு மாத்திப் போட்டா, சீக்குப் பேட்டரி மேல லோடு ஏறி சூடாயிரும். மேல சுத்தியிருக்க தோல் கிழிஞ்சுதுன்னா தூரப் போட்டுருங்க. சாவிக்கொத்து கிடக்க பையில மட்டும் வெறும் பேட்டரியைப் போட்டுராதீங்க. ரெண்டு முனையும் இரும்புல தட்டுச்சுன்னா வேட்டியில தீப்பிடிச்சிரும்."

இதைக் கேட்ட ஜாய்ஸ் அக்கா வீட்டிலிருந்து மார்க்கர் எடுத்து வந்து ஒரு பேட்டரியில் 'ஜெ' என்றும் இன்னொன்றில் 'ஜா' என்றும் எழுதினார். "சீக்குப் பேட்டரி எதுன்னு எனக்குத் தெரியும்" என்றார்.

பேட்டரிப் பாடத்தை அண்ணாச்சி ஒழுங்காகக் கேட்டுக்கொண்டார். காயில் பாடத்தில்தான் வினை வந்தது. சாதிக் அதைக் கழற்றிக் காட்டினார். நகம் அளவுக்கு ஒரு கம்பிச் சுருள், அதைச் சுற்றிப் பஞ்சு. பஞ்சு தைலத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும், கம்பி சூடாகி அதை ஆவியாக்கும்.

"காயில் சூடாகுமா?" என்று அண்ணாச்சி கேட்டார்.

"சூடாகணும் அண்ணாச்சி. அதுக்குத்தான் அது."

"சூடாகுததுக்குன்னே ஒரு காயிலா? எவன் வே கண்டுபிடிச்சான்?"

"ஓம், அதான் ரெசிஸ்டன்ஸ், கூடுன காயில்னா மெல்ல சூடாகும், பேட்டரி நின்னு வரும். குறைஞ்சதுன்னா சுள்ளுன்னு சூடாகும், பேட்டரியைக் குடிச்சிரும். புதுக் காயில் மாட்டுனா பஞ்சு நல்லா ஊறுத வரைக்கும் பொறுக்கணும். ஊறாம பட்டனை அமுக்குனா பஞ்சு கருகிரும்."

அண்ணாச்சி தலையை ஆட்டினார். காயிலைப் பற்றித் தனக்கே ஒருத்தன் சொல்லித் தருகிறானே என்ற எரிச்சலில் ஆட்டிய தலை அது. பாதி காதில் விழவில்லை என்று நான் அப்போதே நினைத்தேன்.

எப்படியோ சிகரெட் நின்றது. நிஜமாகவே நின்றது. வீட்டுக்கு வெள்ளையடித்தார், திரைச்சீலைகளைத் துவைத்துப் போட்டார். விஜிதா போனில், "வாரேன் யப்பா. ஆனா பழைய வாடை ஒரு தடவை வந்தாலும் அடுத்த பஸ்ஸில தூத்துக்குடிக்குப் போயிருவேன்" என்றாள். புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு எல்லாம் தூக்குவாளிகளில் கட்டிக்கொண்டு போய் மகளை அழைத்து வந்தோம். வண்டி ஓட்டியது நான்தான்.

இதற்கிடையில், பஞ்சு ஊறும்வரை பொறுக்காமல் அமுக்கி அமுக்கி, சாதிக் கொடுத்த உபரிக் காயில் எல்லாவற்றையும் கருக்கியிருந்தார் மனுஷன். கடைசிக் காயில், மகள் வந்து இறங்கிய அன்றே போய்விட்டது. சாதிக்கோ ஷார்ஜாவில் இருந்தார். மறுநாள் சாயங்காலம் என் தூக்குவாளிகளை வாங்கிக்கொள்ள அவர் வீட்டுக்குப் போனபோது, அண்ணாச்சி வாசலில் நின்று எதிர்ப்பக்கம் பெட்டிக்கடையையே பார்த்துக்கொண்டிருந்தார். கடையில் தொங்கிய சிகரெட் அட்டை வரைக்கும் அவர் கண் போய் வந்தது. உள்ளே விஜிதா அம்மாவிடம் ஏதோ சொல்லிச் சிரிக்கும் சத்தம் கேட்டது. அவர் நெற்றி வேர்த்திருந்தது. எனக்குப் பயமாகிவிட்டது.

"அண்ணாச்சி, வேண்டாம்" என்றேன்.

"வேண்டாம்னுதான் நிக்கேன்" என்றார். திடீரென்று முகம் தெளிந்து என் பக்கம் திரும்பினார். "ஏலே சங்கரு, நான் யாரு? காயில் கட்டுதவன். ஒரு காயிலுக்காகவா ஷார்ஜாவைப் பாத்துக்கிட்டு நிக்கேன்?"

வீட்டுப் பின்பக்கம் அவருக்கு ஒரு சின்ன வேலை அறை உண்டு. இருப்பதிலேயே மெல்லிய செம்புக் கம்பியை எடுத்து ஊசியில் சுற்றினார். அழகாகத்தான் சுற்றினார், பொய் சொல்லக் கூடாது. மீட்டரில் வைத்துப் பார்த்தால் பழைய காயிலில் போட்டிருந்த அதே ஓம் வந்தது. "பாத்தியா?" என்றார். பிறகு என்ன செய்தார் என்றால், வாழ்நாள் முழுக்கச் செய்த பழக்கத்தில், கட்டிய காயிலை எடுத்து அப்படியே வார்னிஷில் முக்கினார். பல்பு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் காயவைத்தார்.

"வார்னிஷ் எதுக்கு அண்ணாச்சி?"

"வார்னிஷ் குடுக்காத காயில் ஒரு காயிலாலே?"

பஞ்சு வைத்தார், தைலம் விட்டார். இந்தத் தடவை பாடம் ஞாபகம் வந்து, பஞ்சு ஊறும்வரை பொறுமையாகவும் இருந்தார். 'ஜெ'யையும் 'ஜா'வையும் உள்ளே தள்ளி, பட்டனை அமுக்கி உறிஞ்சினார்.

சூடாகக் கூடாது என்பதற்காகச் செய்த கம்பி, கம்பிமேல் எனாமல் பூச்சு, பூச்சுமேல் வார்னிஷ். எல்லாம் ஒரே நொடியில் சூடாகின. மஞ்சளும் கறுப்புமாகப் புகை கிளம்பியது. அண்ணாச்சி சாமானை முற்றத்தில் விட்டெறிந்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு இருமினார். எரிந்த மோட்டாரின் வாடை கொல்லைப்புறம் முழுக்கப் பரவி அடுப்படிக்குள் போனது.

உள்ளே சிரிப்புச் சத்தம் நின்றது. ஜாய்ஸ் அக்கா வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பின்னாலேயே விஜிதா வயிற்றைத் தாங்கிக்கொண்டு வந்தாள். போயிற்று, ராத்திரி மறுபடியும் தூத்துக்குடிக்கு வண்டி ஓட்ட வேண்டும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அவள் மூக்கைப் பொத்தவில்லை. மூக்கை உயர்த்தி மோந்து பார்த்தாள்.

"யாரு மோட்டார்ப்பா எரிஞ்சுது?"

இருமலுக்கு நடுவே அண்ணாச்சி, "எம்மோட்டார்தான் மக்கா" என்றார்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டு அந்தக் கடையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியவள் அவள். அந்த வாடை அவளுக்கு ஒன்றும் செய்யவில்லை. காற்று வாங்கட்டும் என்று அப்பாவை முற்றத்துக்கு இழுத்துக்கொண்டு வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, அவர் நெஞ்சில் புறங்கையை வைத்துப் பார்த்தாள்.

"சூடாத்தான் இருக்கு. காயில் சூடாகக் கூடாதுன்னு ஊருக்கெல்லாம் சொல்லுவீங்களே."

அண்ணாச்சி முற்றத்தில் கிடந்த சாமானை எடுத்து, 'ஜெ'யையும் 'ஜா'வையும் கழற்றி அவள் கையில் கொடுத்தார்.

அதன் பிறகு அவர் எதையும் உறிஞ்சவில்லை. சுலபமாக விட்டார் என்று நினைக்க வேண்டாம். மகள் ஊரில் இருந்தவரைக்கும் எங்கள் தெருவே அவருடைய கோபத்தைத் தாங்கியது. தடை வந்த செய்தியைப் பேப்பரில் படித்தபோது, "கவர்மெண்டுக்கு முந்தியே நான் தடை போட்டுட்டேன்லே" என்று பெருமை வேறு.

பேரன் பிறந்தது சங்கரன்கோவிலில்தான். பிள்ளையைப் பார்க்க நான் போனபோது, தொட்டில் கம்பில் உள்ளங்கை அளவுக்கு ஒரு குட்டி மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. மோட்டாருக்குக் காயில் கட்டியது அண்ணாச்சியேதான். அதை ஓட்டியது 'ஜெ'யும் 'ஜா'வும்.

அவர் புறங்கையை மின்விசிறி மோட்டாரில் வைத்துப் பார்த்தார். பிறகு பேரனின் நெற்றியில் வைத்தார். அப்புறம், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, தன் நெஞ்சில் வைத்துப் பார்த்துக்கொண்டார்.

"சூடு இல்லலே" என்றார் என்னிடம்.