மறுவீட்டு விருந்தும் மாப்பிள்ளையின் காரும்

தங்கையின் மறுவீட்டு விருந்து தாராவியில் எங்கள் வீட்டில் நடந்தது. மாப்பிள்ளைக்குக் கறிச்சோறு போடுவதற்கு முன்பே என் தம்பிமார் அவரை மாடி அறைக்குக் கூட்டிப்போய் பீர் ஊற்றிக் கொடுத்தார்கள். மச்சினன்மார் செய்ய வேண்டிய மரியாதையாம். சிவந்த கண்ணோடு இறங்கி வந்தவரைப் பார்த்து, "மாப்பிள்ளை சந்தோசமா இருக்காரு" என்றார் அப்பா. அதற்கு மேல் எங்கள் வீட்டில் யாரும் பேச மாட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வழக்கப்படி அவர்களை நெருளில் மாப்பிள்ளை வீட்டில் கொண்டுவிட மகளோடு நானும் போனேன். மாப்பிள்ளைதான் காரை ஓட்டினார், பக்கத்தில் தங்கை. பின் சீட்டில் நாங்கள், மடியில் அதிரசப் பாத்திரம். செம்பூர் சிக்னலில் பச்சை விழுந்தும் மாப்பிள்ளை பேசிக்கொண்டே இருந்தார். பின்னால் ஹாரன் அலறிய பிறகுதான் வண்டி நகர்ந்தது. மான்குர்டில் முன்னால் போன டெம்போ நின்றுவிட்டது எனக்குத் தெரிந்தது, அவருக்குத் தெரியவில்லை. முட்ட ஒரு முழம் இருக்கும்போது பிரேக்கை மிதித்தார். அதிரசமெல்லாம் காலடியில் சிதறியது.

"மெதுவாப் போங்களேன் மாப்ள."

"ரெண்டு பீருதான மதினி. குடிச்சாத்தான் நமக்குக் கை நிக்கும்."

சொல்லிவிட்டு வேகத்தைக் கூட்டினார். அவரிடம் இருக்க வேண்டிய பயம் முழுக்க எங்கள் சீட்டுக்கு வந்துவிட்டது. வாஷி பாலத்தில் நிறுத்தவும் இடமில்லை. மகள் திறந்துவிடாமலிருக்க பின்கதவுக்குப் பூட்டு போட்டிருந்தார், வெளியிலிருந்துதான் திறக்கும். மகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"பாப்பாவுக்கு வாந்தி வருது" என்று பொய் சொன்னேன். எங்கள் உயிருக்காக நிற்காத கார், புது சீட் கவருக்காக பாலம் முடிந்ததும் ஓரமாக நின்றது. அவர் சுற்றி வந்து கதவைத் திறந்தார். மகளை இறக்கிவிட்டு, முன்பக்கம் போய்ச் சாவியை உருவிக்கொண்டேன்.

"டாக்ஸி பிடிப்போம். நீங்க இனி ஓட்ட வேண்டாம்."

அவர் முகம் கறுத்தது. "பாத்தியா ஒங்க அக்காவ?" என்று தங்கையைத்தான் கேட்டார்.

அவள் இறங்கி வந்து என்னிடம் கை நீட்டினாள்.

"குடுத்துரு அக்கா. நீ சாயங்காலம் தாராவிக்குப் போயிருவ. நான் அவுக வீட்டுக்குல்லா போணும்."

நான் கொடுக்கவில்லை. காரை அங்கேயே பூட்டிவிட்டு ஏறிய டாக்ஸியில் மாப்பிள்ளை தூங்கிவிட்டார். நெருளில் வீட்டு வாசலில் சாவியைத் தங்கையின் கையில் வைத்தேன். வாங்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

நானும் மகளும் இறங்கிவிட்டோம். அவள் இன்னும் அந்தக் காரில்தான் இருக்கிறாள்.