பென் டிரைவில் வந்த பதிவேடு

பிரியவதனிக்குக் கோபம் எளிதில் வருவதில்லை; அருவருப்புத்தான் வரும். கோபமென்றால் பால் விடாத ஒரு பிளேன்ரீயோடு ஆறிவிடும். அருவருப்பு ஆறாது. திகதியும் நேரமும் இடப்பட்டு அவளது நீல அட்டைக் கொப்பியில் ஏறிவிடும். முப்பத்தொரு வயதுக்குள் அப்படி ஒன்பது கொப்பிகள் நிரம்பியிருந்தன.

புங்குடுதீவு மடத்துவெளியில் பிறந்தவள். வெளிவாரியாகத் தகவல் தொழில்நுட்பம் படித்துப் பட்டம் பெற்றவள். நெடுந்தீவில் கால்நடை வளர்ப்போர் சங்கமொன்றில் எழுதுவினைஞராகச் சேர்ந்து நான்கு ஆண்டுகளாகின்றன. குறிகட்டுவான் இறங்குதுறையில் காலைப் படகேறி, ஒரு மணிநேரம் கடலில் ஆடிக் குலுங்கிப் போய், பின்னேரப் படகில் திரும்புவாள். சங்கத்தில் அவளுடைய வேலை மாட்டுக் குறிகளின் பதிவேட்டைப் பேணுவது. தீவில் மாடுகள் வெளியில் திரிந்து மேய்வதால் ஒவ்வொரு குடும்பமும் தன் மாட்டின் தொடையில் தன் குறியைச் சுட்டுவிடும். எந்தக் குறி யாருடையது என்பதற்கு அந்தப் பதிவேடே சாட்சி.

அதைக் கணினிக்கு மாற்ற வேண்டுமென்று முடிவெடுத்தவர் சங்கத் தலைவர் முருகேசு. வேலையைப் பட்டினத்தில் நிரல் எழுதும் சுதாகரனிடம் ஒப்படைத்ததும் அவரே. பழைய பதிவேட்டைப் படம்பிடிப்பதற்கென்று வாங்கிப்போன சுதாகரன் இரண்டு மாதமாகியும் திருப்பித் தரவில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை காலைதான், குறிகட்டுவானில் பஸ் கண்டக்டர் ஒருவர் அவளிடம் ஒரு கடித உறையை நீட்டினார். உள்ளே பென் டிரைவ் ஒன்றும் துண்டுக் காகிதமும். ‘எல்லாம் செட் பண்ணியாச்சு. அப்பிடியே கொப்பி பண்ணிப்போட்டுத் திறக்கவும்.’

சங்கத்தின் படலையைத் தாண்டும்போதே அன்னமுத்து அக்காவின் குரல் கேட்டது.

“வாரும் பிள்ளை, வாரும்! கொம்பியூட்டர் அம்மாளைத்தான் பாத்துக்கொண்டு நிக்கிறம்.”

முற்றத்துக்கு அப்பால் கல்வேலி அடைப்புக்குள் அன்னமுத்துவின் மயிலைப் பசு நின்றது. மூன்று நாளைக்கு முன், தோட்டமொன்றுக்குள் புகுந்த கட்டாக்காலியென்று பிடித்து அடைத்திருந்தார்கள். பிடிபட்ட மாட்டுக்கு மூன்றாம் நாள் இரண்டு மணிக்குள் உரிமை காட்டாவிட்டால் ஏலம் என்பது சங்கத்தின் விதி. ஏலத்தில் எடுப்பதற்குக் கரையூரிலிருந்து ஒருவர் வந்து வேம்புக்குக் கீழே குந்தியிருந்தார். வீட்டில் கன்று இரண்டு நாளாகப் பால் குடிக்கவில்லை. போத்தல் பாலை வாயில் வைத்தால் தலையைத் திருப்பிக்கொண்டது.

“தலைவர், மாட்டின்ரை தொடையிலை குறி கிடக்கு. அது ஆரின்ரை குறியெண்டு உங்களுக்குத் தெரியாதோ?” என்று அன்னமுத்து கேட்டார்.

“எனக்குத் தெரியும், அக்கா. ஊருக்கே தெரியும். ஆனால் இனி எல்லாம் சிஸ்டத்திலை இருக்கவேணும். சிஸ்டம் சொன்னால் விடுறன்.”

“உங்களுக்குத் தெரிஞ்சதை அந்தப் பெட்டி உங்களுக்குச் சொல்லவேணுமோ?”

முருகேசு கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார். பிரியவதனி நீலக் கொப்பியை எடுத்து நேரத்தை எழுதினாள்.

காலை 9.40. கோப்புறையைக் கொப்பி பண்ணித் திறந்தாள். கறுப்புத் திரையில் ஒரேயொரு வரி வந்தது: பைத்தன் என்னும் நிரல்மொழியைக் காணவில்லை. தேடிய இடம், டி டிரைவில் சுதாகரனின் பெயரிட்ட ஒரு கோப்புறை. சங்கத்து மடிகணினியில் டி டிரைவ் என்று ஒன்றே கிடையாது.

அவள் முற்றத்துக்குப் போய்ச் சுதாகரனுக்கு அழைப்பெடுத்தாள்.

“எனக்கு இங்கை நல்லா வேலை செய்யுது, தங்கச்சி. நீர் ஏதோ பிழையா அமத்தியிருக்கிறீர்,” என்றான் சுதாகரன்.

“நான் ஒண்டும் பிழையா அமத்தேல்லை, அண்ணை. உங்கடை மெய்நிகர் சூழலை அப்பிடியே கொப்பி பண்ணி அனுப்பியிருக்கிறியள். அது இன்னும் உங்கடை கொம்பியூட்டரைத்தான் தேடுது.”

“அதெப்பிடி? முழுக் கோப்புறையும் வந்ததுதானே. ஒண்டும் விடேல்லை.”

இதுதான் அவளுக்கு அருவருப்பூட்டியது. படகில் அரிசி மூட்டை வருகிறது, சீமெந்து வருகிறது, அலுமாரி வருகிறது. எதையும் இங்கே இறக்கி வைத்தால் அங்கே இருந்தபடியே இருக்கும். மெய்நிகர் சூழல் அப்படியல்ல. ஒரு வேலைக்கு வேண்டிய நிரல்களை மற்றவற்றோடு கலக்காமல் தனியறையில் வைத்திருப்பது அது. எந்தக் கணினியில் எந்த இடத்தில் உண்டாக்கினார்களோ, அந்த முகவரியைத் தனக்குள் எழுதி வைத்துக்கொள்ளும். தூக்கி வேறிடத்தில் வைத்தால் பழைய வாசலைத்தான் போய்த் தட்டும். தேவையான நிரல் தொகுப்புகளின் பட்டியல் ஒன்றைக் கொடுத்தால் போதும், புதிய அறையை அங்கேயே கட்டிவிடலாம்.

“பட்டியல் இருக்கோ, அண்ணை? எந்தெந்தத் தொகுப்பு, எந்தப் பதிப்பு எண்டு?”

“பட்டியலோ? அதெல்லாம் ஆர் எழுதுறது!”

கொப்பியில் அவள் எழுதினாள்: 9.55. பட்டியல் இல்லை. சிரிக்கிறார்.

மடிகணினியில் முன்பே இருந்த பைத்தனைக்கொண்டு புதிய சூழலை உண்டாக்க இரண்டு நிமிடம் ஆனது. அதற்குள் வலைத்தளம் கட்ட உதவும் ஜாங்கோ என்னும் சட்டகத்தை இறக்குவதற்கு ஒன்றரை மணிநேரம். அலுவலகத்துக்குள் சிக்னல் இல்லை. தொலைபேசியை யன்னல் கம்பியில் கயிற்றால் கட்டித் தொங்கவிட்டாள். பாதியில் இரண்டு தடவை இணைப்பு அறுந்தது. முருகேசு வந்து, “என்ன, இன்னும் சுத்துதோ?” என்று கேட்டுவிட்டு, திரையைப் பார்க்கவும் மனமில்லாமல் போனார்.

11.50க்குச் சட்டகம் வந்திறங்கியது; பதிவேட்டுத் தளமோ எழும்பவில்லை. சிவப்பில் பத்து வரி பிழை. அவள் ஒவ்வொன்றையும் எழுதி, கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படித்தாள். வந்தது புதிய பதிப்பு; சுதாகரன் எழுதியிருந்ததோ, அந்தப் பதிப்பில் நீக்கப்பட்டுவிட்ட பழைய முறையில். பதிப்பைச் சொல்லவேண்டியவன் இப்போது அழைப்பையும் எடுக்கவில்லை.

“பிள்ளை, மணி பன்னிரண்டாச்சு,” என்று வாசலில் அன்னமுத்து. “பசு மடி கட்டி நிக்குது. கறக்கவும் விடமாட்டினமாம்.”

“விடமாட்டினமோ? ஏன்?”

“உரிமை காட்டினால்தானாம் கறக்கலாம். பாலும் சிஸ்டத்திலை ஏறவேணுமாக்கும்.”

பிரியவதனி, சுதாகரன் அனுப்பிய பழைய கோப்புறைக்குள் மறுபடி இறங்கினாள். ஓடாத சூழலாக இருந்தாலும், அதற்குள் நிறுவிய தொகுப்புகளின் கோப்புறைகள் கிடந்தன. ஒவ்வொன்றின் பெயரோடும் அதன் பதிப்பெண் ஒட்டியிருந்தது. பட்டியலை எழுத அவனுக்கு நேரமில்லாமற்போயிருக்கலாம்; கணினி தன் பாட்டில் எழுதி வைத்திருந்தது. பதினொரு பெயரையும் பதினொரு எண்ணையும் கொப்பியில் பெயர்த்தெழுதினாள். வந்திறங்கிய சட்டகத்தை அகற்றிவிட்டு, அந்த எண்களின்படி மறுபடி இறக்கத் தொடங்கினாள்.

12.25. 12.50. ஒரு மணிக்கு மறுபடி அறுந்தது. 1.20க்குக் குறிகளின் படங்களைக் காட்டும் தொகுப்பு மட்டும் மிஞ்சியது. வேம்புக்குக் கீழே இருந்தவர் எழுந்து அடைப்பருகே போய்ப் பசுவின் பல்லைப் பார்த்தார். யன்னலால் அதைக் கண்டபோது, தன் வாழ்க்கையில் இவ்வளவு அருவருப்பான காட்சி ஒன்றைக் கண்டதில்லை என்று பிரியவதனி நினைத்தாள். அவருடைய விரல்களைக்கூட அவளால் மன்னிக்க முடியவில்லை.

1.41. தளம் எழும்பியது. தேடற்பெட்டியில் பெயரைத் தட்டினாள். அன்னமுத்து, மேற்கு. பதிவு இலக்கம் 208. படத்தில் அரை வட்டமும் அதன் மேல் சிலுவையும்.

முருகேசு அச்சிட்ட தாளோடு அடைப்புக்குப் போய், தொடையைப் பார்த்து, தாளைப் பார்த்து, மறுபடி தொடையைப் பார்த்தார். தன் வீட்டுக்கு நாலு வருடம் பால் தந்த பசுவை முதற்தடவை காண்பவரைப்போல இருந்தது அவர் முகம்.

“சரியாத்தான் இருக்கு. அவிழ்த்துக்கொண்டு போங்கோ, அக்கா.”

பிறகு அங்கேயே நின்று தொலைபேசியை எடுத்தார். இம்முறை சுதாகரன் உடனே எடுத்தான்.

“ஓம் தம்பி, சிஸ்டம் அந்த மாதிரி வேலை செய்யுது! மாடொண்டு ஏலம் போகாமல் தப்பிச்சுது எண்டால் பாருமன். சின்னதா ஒரு பாராட்டுக் கடிதம் அனுப்பவேணும் உமக்கு.” வாசலில் நின்ற பிரியவதனியைப் பார்த்துத் தலையசைத்தார். “கடிதத்தை ரைப் பண்ணும், பிள்ளை. அக்கா, கன்றையும் இப்பவே பதிஞ்சுவிடுங்கோவன். பிறகு கரைச்சல் இல்லை.”

அன்னமுத்து கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டே அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“கன்று செத்துதோ இருக்குதோ எண்டு முதல் போய்ப் பாக்கிறன்.”

அவர் சங்கத்தின் படியடியில், விதிகள் எழுதிய பலகைக்கு நேர்கீழே, காறித் துப்பினார். பிறகு பசுவை முன்னால் விட்டு, திரும்பிப் பாராமல் நடந்தார்.

“பாத்தீரோ! நன்றி எண்டு ஒரு சொல் இல்லை. சங்க வாசலிலை துப்பிப்போட்டுப் போறா,” என்றார் முருகேசு. “ஒரு வாளி தண்ணி ஊத்திவிடும், பிள்ளை.”

பிரியவதனி கதிரையில் போய் உட்கார்ந்தாள். பதினொரு தொகுப்புகளின் பட்டியலைக் கணினியில் ஏற்றி, பிரதியொன்றையும் எடுத்து வைத்தாள். பாராட்டுக் கடிதத்தைத் தொடங்கவில்லை. தண்ணீரும் ஊற்றவில்லை. பின்னேரப் படகுக்குப் புறப்படும்போது, படியில் காய்ந்துகொண்டிருந்த அதை மிதிக்காமல், ஓர் அடி தள்ளி மரியாதையாகத் தாண்டிப் போனாள்.