எட்வின் கேட்டது பழுதான விளக்கை

எட்வின் போய்விட்டான்.

இன்று காலை ஒபிஸுக்கு வெளிக்கிட்டு ஹெல்மெட்டைக் கையில் எடுத்த நேரம் அவன் மனைவி தெரேசாவின் போன் கோல். "அண்ணே, அவர் போயிட்டார்" என்றாள்.

தெரியாதவர்களுக்கு... எட்வின் களுவாஞ்சிக்குடி ஒபிஸில் என் பக்கத்து மேசைக்காரன். மட்டக்களப்பு டவுனில் இருந்து தினமும் பஸ்ஸில் வந்து போன, போர்த்துக்கேய வழிவந்த பறங்கி மனிசன். நான் தேற்றாத்தீவு. இரண்டு பேருக்கும் வயதும் ஒன்று, பைத்தியமும் ஒன்று.

அந்தப் பைத்தியம் மரக் கடைசல். அதுவும் சின்னச் சின்னச் சாமான்... பெருவிரல் உயரத்தில் குத்துவிளக்கு, மெழுகுதிரித் தண்டு, நகத்தளவு கிண்ணம்.

ஒருநாள் லன்ச் டைமில் எட்வின், யாரோ வெளிநாட்டுக்காரன் கடைகிற வீடியோவைப் பார்த்துவிட்டு "இதென்ன பெரிய வேலயா மச்சான்?" என்றான். அடுத்த மாதமே தையல் மெஷின் மோட்டரைக் கழற்றி ஒரு குட்டி லேத் செய்துவிட்டான். தெரேசாவின் தையல் மெஷின்! அவள் எங்கள் இரண்டு பேரோடும் கொஞ்ச நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு நானும் என் வீட்டில் ஒரு லேத் பூட்டினேன்.

எனக்கு எல்லாம் ஓரளவு கைக்கு வந்தது. ஸ்கியூ உளி மட்டும் வரவே இல்லை.

வாய் சரிவாக இருக்கும் தட்டை உளி அது. ஒழுங்காகப் பிடித்தால் வெட்டிய இடம் மினுங்கும். மேல் மூக்குக் கொஞ்சம் பட்டுவிட்டால் போச்சு... மரத்தைக் கடித்துக்கொண்டு ஓடிவிடும். விளக்குத் தண்டில் மணி மணியாக உருண்டை எடுப்போமே, அதில் வலப்பக்கம் எனக்கு வழுக்கிக்கொண்டு வரும். இடப்பக்கம் திரும்பினால் கடிதான்.

அவனும் ஒன்றும் பெரிய விண்ணன் இல்லை. சரியான அவசரக்காரன். அவன் கடைந்த மெழுகுதிரித் தண்டுகளில் பாதி நடுவால் முறிந்தவை.

ஆனால் பழுதான சாமானைப் பார்த்து, எங்கே பிழைத்தது என்று சொல்வதில் அவனுக்கு ஒரு வெறி. நான் பழுதாக்கியதை மறுநாள் சட்டைப் பொக்கட்டில் போட்டுக்கொண்டு போவேன். தேத்தண்ணியை ஆறவிட்டுவிட்டு, அதை ஜன்னல் வெளிச்சத்தில் உருட்டி உருட்டிப் பார்ப்பான்.

"இஞ்ச பாருகா, இந்த இடத்தில கைய மடக்கிட்ட. உளியப் பிடிக்கச் சொன்னா நீ அதுட கழுத்த நெரிக்கிற!"

மாமாங்கத் திருவிழாவில் பம்பரம் விற்றவரிடமும் இதே சேட்டை. ஒவ்வொன்றாக எடுத்து "இது கடிச்சிரிக்கி... இதும் கடிச்சிரிக்கி" என்று இவன் சத்தம் போட, "வாங்கிறண்டா வாங்குங்க, இல்லாட்டி வழிய விடுங்க" என்று கடைக்காரர் கத்திவிட்டார். நான் தெரியாத ஆள் மாதிரி அங்கால போய் நின்றேன். கடைசியில் கடி பட்ட பம்பரங்களாகப் பார்த்து வாங்கிக்கொண்டு வந்தான்!

பிறகு அவனுக்கு வருத்தம் வந்தது. ஈரலில் நோய். கொழும்புக்குக் கொண்டுபோனார்கள்... இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். நிற்க ஏலாது. தெரேசா லேத்தைத் துணி போட்டு மூடிவிட்டாள்.

அவன் வீட்டுக்கு வந்த புதிதில் ஒருதரம் போய்ப் பார்த்தேன். அதற்குப் பிறகு போனில்தான். ஒருநாள் அவன் கேட்டான்:

"என்னகா, விளக்கு என்ன மாதிரி?"

"இடப்பக்கம் இன்னும் கடிக்குதுடா. நல்லது ஒண்டு வரட்டும், கொண்டு வாறன்."

"நல்லது எனக்கு எதுக்கு? பழுதானதக் கொண்டு வா."

பகிடி விடுகிறான் என்று நினைத்தேன். சிரித்துவிட்டு போனை வைத்தேன்.

வருத்தக்கார மனிசனுக்கு முன்னால் பழுதான சாமானோடு போய் நிற்பதா? என் மண்டைக்குள் ஓடியது இவ்வளவுதான். ஒன்று கடிக்கும். அடுப்புக்குள் எறிவேன். அடுத்த கொய்யாக் கொப்பை லேத்தில் பூட்டுவேன். அவன் வீட்டுக்கு பைக்கில் ஒரு மணித்தியாலம்கூட இல்லை...

போன ஞாயிற்றுக்கிழமை ஒன்று சரியாக வந்தது. ஒரு கடியும் இல்லை. வெட்கமில்லாமல் துள்ளினேன். வேலை நாளில் லீவு எடுப்பானேன், சனிக்கிழமை கொண்டுபோவோம் என்று அலுமாரியில் வைத்தேன்.

இன்று வியாழன்.

இன்றைக்குத்தான் அந்த விளக்கோடு போனேன். தெரேசா அதைக் கையில் வாங்கிப் பார்த்தாள். "வடிவா இரிக்கண்ணே" என்றாள். அழுது முடிந்த குரல்.

பிறகு கேட்டாள்: "பழுதானது ஒண்டும் இல்லையா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"'கையால ஒண்டும் செய்ய ஏலாமப் போயிட்டு... அவன்ட பிழையப் பாத்துச் சொல்ல எனக்கு இன்னும் ஏலும் தெரேசா, அவன் கொண்டு வருவான்' எண்டு சொல்லிக்கிட்டே கிடந்தார். பைக் சத்தம் கேட்டா தலையத் தூக்கிப் பாப்பார்."

அடுப்புக்குள் எறிந்ததை அவளிடம் எந்த வாயால் சொல்வது?

அவன் என்னிடம் கேட்டது ஒரு வேலை. படுக்கையில் கிடந்துகொண்டு செய்யக்கூடிய ஒரேயொரு வேலை. அதைக்கூட நான் கொடுக்கவில்லை. நினைக்க நினைக்க என்மேல் எனக்கே ஆத்திரமாக வருகிறது.

தயவுசெய்து "நல்ல நண்பனை இழந்துவிட்டீர்கள்" என்று எனக்கு ஆறுதல் எழுத வேண்டாம். எழுதுவதென்றால் தெரேசாவுக்கு எழுதுங்கள்.

அடக்கம் நாளைப் பின்னேரம். ஒபிஸ் ஆட்கள் வாருங்கள்.

எட்வின்... மன்னிச்சுக்கொள் மச்சான். உன் வாசலில்தான் கதிரை போட்டு இருக்கிறேன். நாளை வரைக்கும் எழும்பிப் போக மாட்டேன்.