சுலைமானி இலாகா

பாஸ்போர்ட்டைத் தொலைத்துவிட்டு, வளைகுடாவின் ஒரு சின்ன நகரப் போலீஸ் நிலையத்தில் நின்றேன். மறுநாள் விமானம். டீத் தட்டோடு வந்த கீழக்கரைக்காரர் பளபளக்கும் வழுக்கையும் பளபளக்கும் ஷூவுமாக, அங்கிருந்த அதிகாரிகளைவிட அதிகாரியாக இருந்தார். எந்தக் கதவையும் தட்டமாட்டார். ஒருமுறை இருமுவார், திறக்கும்.

"மூணாம் கவுண்டருக்கு இப்பப் போகாதீங்கண்ணே. அவரு இன்னும் சுலைமானி குடிக்கல."

கறுப்பு டீ உள்ளே போனது. பத்தே நிமிடத்தில் என் புகார்க் காகிதத்தில் முத்திரை விழுந்தது.

"இங்க நீங்கதான் பெரியாளு போல" என்றேன்.

"அட போங்கண்ணே. நான் கிளீனிங் கம்பெனி விசா. லீவு கேட்டு மூணு மாசமா அலையுறேன். இவங்க யாரு சொன்னாலும் கம்பெனில எடுபடாது."

சுவரில், டைரக்டர் முதல் டிரைவர் வரை ஒவ்வொருவருக்கும் கட்டம்கட்டி இலாகாவின் படம் மாட்டியிருந்தது. அவருடைய கட்டத்தை இரண்டு முறை தேடினேன், இல்லை. ஆனால் அந்தப் படத்தின் கண்ணாடியில் துளித் தூசும் இல்லை.